உள்ளே இருப்பவரின் சிக்கனம்

அக்டோபர் 6, திங்கள்

மூட்டம். மழை வருவதுபோலப் போக்குக் காட்டிவிட்டு வரவில்லை. புழுக்கம். காலையில் இரண்டு முறை கரண்ட் போனது.

இன்று முதல் நாள் முழுக்கப் படுக்கை. அதுவும் இடப்பக்கம் மட்டும். சாப்பிட, குளிக்க, பாத்ரூம் போக எழலாம், மற்றபடி கிடக்க வேண்டும் என்று டாக்டர் உத்தரவு. திருமழிசை கம்பெனிக்கு லீவு சொல்லியாயிற்று. இது கம்பெனியில் போன வருடம் கொடுத்த டைரி. மிக்ஸி ஆடாமல் இருக்க அதன் அடியில் கிடந்தது. கிழமையை எல்லாம் அடித்துத் திருத்த வேண்டியிருக்கிறது.

இடப்பக்கம் படுத்தால் வலது கை சும்மா இருக்கிறது. அதனால்தான் எழுத்து.

விஷயம் இதுதான். முப்பத்து மூன்று வாரம். சனிக்கிழமை ஸ்கேனில் குழந்தை முப்பது வார அளவுதான். டாக்டர் திரையில் சிவப்பும் நீலமுமாக ஏதோ ஓடுவதைக் காட்டினார்.

"குழந்தைக்குப் போற ரத்தம் கம்மியா இருக்கு ஜெனிட்டா. அதனால அது வர்றத எல்லாம் மூளைக்கும் இதயத்துக்கும் முதல்ல அனுப்பிடுது. கை, கால், குடல் எல்லாத்துக்கும் குறைச்சுக்குது."

என் கணவர் பிரபு உடனே, "அப்ப மூளைக்கு நெறைய போவுதா மேடம்? நல்லதுதான?" என்று கேட்டார்.

டாக்டர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். நல்லதில்லை, அது சமாளிக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான் என்றார். உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நுரையீரலுக்கு லாபம், ஆனால் ரத்தம் மேலும் குறைந்தால் ஆபத்து. அதனால் பார்த்துப் பார்த்து முடிவு எடுக்க வேண்டும் என்றார். நான் மல்லாந்து படுத்தால் வயிற்றின் கனம் பெரிய ரத்தக்குழாய் மேல் விழுமாம். இடப்பக்கம் என்றால் வழி விடும்.

வெளியே வந்ததும் இந்த மனிதர் ஆஸ்பத்திரி படிக்கட்டிலேயே நின்று மூன்று பேருக்குப் போன். "புள்ள செம மூளக்காரனா வரப்போவுது மச்சான். டாக்டரே சொல்லிட்டாங்க."

நான் திருத்தவில்லை. பெயரை முழுதாக எழுதினால் தோள் வலிக்கிறது. இனி அவர் ப. மட்டும்.


அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். படுத்தபடி தெரிபவை: சுவர். சுவரில் பழைய காலண்டர் ஆணி. ஜன்னலில் பக்கத்து மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் காக்கா. பத்தரைக்கு ஹெலிகாப்டர் சத்தம். காக்கா அசரவில்லை. விமானப்படைத் தளத்தை ஒட்டிய முத்தாபுதுப்பேட்டைக் காக்காவுக்குப் பழகிவிட்டது.

டாக்டர் ஒரு தாள் கொடுத்திருக்கிறார். காலை, மதியம், மாலை, சாப்பிட்டு முடித்துப் படுத்து, குழந்தையின் அசைவை எண்ணி எழுத வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வரவேண்டும். வராவிட்டால் எந்த நேரமானாலும் போன்.

இது எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஏழு வருடமாகப் பம்ப்புக்குள் போகிற பித்தளை வளையத்தை, அதாவது புஷ்ஷை, அளந்து பார்க்கிற வேலை. மெஷின்காரர்கள் மணிக்கு ஒரு முறை அளந்து தாளில் எழுத வேண்டும். எழுதியது நிஜமா என்று நான் பார்ப்பேன். போன மாதம்தான் ஞானவேலைப் பிடித்தேன். காலை ஒன்பது மணிக்கே சாயங்காலம் நாலு மணி அளவு வரை எழுதி வைத்திருந்தார். ஒரே பேனா, ஒரே சாய்வு. "மெஷினு நல்லாத்தான ஓடிக்கினு கீது மேடம், இன்னா ஆயிடப் போவுது" என்றார். எல்லோருக்கும் முன்னால் நாற்பது புஷ்ஷை மறுபடி அளக்க வைத்தேன். கறார் பேர்வழி என்று எனக்குப் பெயர். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

காலை: 50 நிமிடத்தில் 10. மதியம்: ஒரு மணி பத்து நிமிடம். மாலை: 55.

கீழ்வீட்டு ரீட்டாக்கா (வீட்டுக்காரம்மா, இனி ரீ.அ.) கேழ்வரகு அடையோடு மாடி ஏறி வந்தார். "இன்னாம்மா இப்டி கீற? துன்னாத்தான புள்ள தேறும்." சாப்பாடு குறைவில்லை அக்கா, போகிற வழிதான் சுருங்கிக் கிடக்கிறது என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டார். தலையை ஆட்டினார். இன்னொரு அடையை வைத்தார்.

போகும்போது, "திரும்பிப் படுக்கச் சொல்ல எழுந்து குந்திட்டு அப்பால திரும்பு. இல்லனா கொடி சுத்திக்கும்" என்றார். அம்மாவும் திண்டுக்கல்லிலிருந்து போனில் இதையேதான் சொல்கிறாள். நான் திரும்பியே படுக்கப் போவதில்லை என்று யாரிடம் சொல்வது?


அக்டோபர் 9, வியாழன்

காலையில் தூறல். ஆட்டோவில் ஆவடி வரை பதினோரு வேகத்தடை. ப. ஒவ்வொன்றுக்கும் முன்னால் டிரைவர் முதுகைத் தட்டினார். "அண்ணாத்தே, மெல்லமா. மெல்லமா." கடைசியில் டிரைவரே, "நைனா, நீ வேணா ஓட்டிக்கினு வா, நான் பின்னாடி குந்திக்கறேன்" என்றார்.

ஸ்கேன் சனிக்கிழமை போலவேதான். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நுரையீரல் சீக்கிரம் பக்குவப்பட இன்று ஒரு ஊசி, நாளை ஒரு ஊசி.

தாளைப் பார்த்துவிட்டு டாக்டர், "இவ்வளவு அழகா யாரும் எழுதிக் கொண்டு வந்ததில்ல" என்றார். பிறகு விளக்கினார். எனக்குப் பிடித்ததால் அப்படியே எழுதிக்கொள்கிறேன்: "சத்தும் ஆக்சிஜனும் கம்மியா வர்றப்ப குழந்தை செலவக் குறைச்சுக்கும். முதல்ல வளர்றத மெதுவாக்கும். அதுலயும் பத்தலன்னா கை கால் ஆட்டறதக் குறைச்சுக்கும். ஸ்கேன் நான் வாரத்துக்கு ரெண்டு தடவைதான் பாக்க முடியும். நடுவுல எனக்கு இந்தத் தாள்தான் கண்ணு. ஆட்டம் குறைஞ்சா அது நம்மகிட்ட சொல்லுதுன்னு அர்த்தம்."

ஒன்றரைக் கிலோகூட இல்லாத ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து வரவு செலவு பார்க்கிறது. நானும் ப.வும் சேர்ந்தே இன்னும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. மரியாதையாக 'உள்ளே இருப்பவர்' என்றே அழைப்பது என்று முடிவு.

மூன்று வேளையும் பத்து வந்தது. மதியம் மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆனது.


அக்டோபர் 11, சனி

மழை. துணி காயவில்லை. வீடு முழுக்கக் கொடி.

ப. அரை நாள் வேலை முடித்து வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்ரசர், குழாய், வால்வு இதுதான் அவர் வேலை. கை கழுவிவிட்டு வந்து வயிற்றுப் பக்கமாகத் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னா நைனா, எழுந்துகினியா?"

உள்ளே இருப்பவர் பதில் சொல்லவில்லை.

பிறகு என்னிடம் பேசினார். "எங்க கம்பெனில ரெண்டு கம்ப்ரசர்ல ஒன்னு படுத்துக்கிச்சின்னு வெய்யி, இருக்கற காத்த எல்லா மெஷினுக்கும் பிரிச்சி உட முடியாது. பெயின்ட் அடிக்கற எடத்துக்கு மூடிடுவோம். தூசி ஊதற பைப்ப மூடிடுவோம். பெரிய பிரஸ் மட்டும் நிக்கக்கூடாது. எந்த வால்வ மொதல்ல மூடணும், எத கடைசியான்னு கத்துக்க எனக்கு ரெண்டு வருசம் ஆச்சி ஜெனி. இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

அழுகை வந்துவிட்டது. இடப்பக்கம் படுத்து அழுதால் ஒரு கண் தண்ணீர் மூக்கைத் தாண்டி இன்னொரு கண்ணுக்குள் போகிறது. இதையும் குறித்துக்கொள்கிறேன்.

மூளைக்காரப் பிள்ளை என்று ஊரெல்லாம் சொன்னாரே, எல்லாம் புரிந்துதான் சொன்னார் போலிருக்கிறது. அரை மணி கழித்து மாடிப்படியில் ரீ.அ.விடம் அவர் பேசுவது கேட்டது. "அக்கா, கையி காலுக்கு உடாம தலைக்கு மட்டும் அனுப்புதாம். எத்தினி நாளு தாங்கும்னு தெரில. அவ எதிர்ல நான் சிரிச்சிக்கினே கீறேன்."

ரீ.அ. உள்ளே போய் எதையோ எடுத்து வருவது கேட்டது.

மேலே வந்தபோது ப. கையில் இரண்டு வாழைப்பழம். முகம் பழையபடி. நானும் எதுவும் கேட்காதவள்போல ஒன்றை உரித்தேன். ஆறு வருடக் கல்யாணத்தில் இந்த மனிதரை இன்று பிடித்ததுபோல என்றும் பிடித்ததில்லை.

மாலை: 10. ஒரு மணி நாற்பது.


அக்டோபர் 12, ஞாயிறு

மழை இல்லை. நல்லவேளை.

அக்டோபர் ஜெபமாலை மாதம். எங்கள் இரண்டு தெருக் குடும்பங்களும் சேர்ந்த அன்பியத்தில் மாதா சுரூபம் தினமும் ஒரு வீட்டுக்கு வரும், சாயங்காலம் எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்வார்கள். இன்று எங்கள் வீடு. டாக்டர் சொன்னதைக் காட்டித் தள்ளிப்போடலாம் என்று ப. சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். குழந்தைக்காகச் சொல்லப்போகிற ஜெபம். அதை எப்படித் தள்ளிப்போடுவது?

படுத்தபடியே மேற்பார்வை என்றுதான் ஆரம்பித்தேன். ப. பெருக்குவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது எனக்கு ஆகாத காரியம். மூலை மூலையாக விட்டுவிடுகிறார். எழுந்தேன். மேசை விரிப்பு, மெழுகுவர்த்தி, பூ. மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. அப்போதே ரீ.அ. சுண்டலோடு வந்துவிட்டார். எண்ணவில்லை.

வாசலில் இருபத்தாறு ஜோடிச் செருப்பு. மாதாவுக்கு முன்னால், இத்தனை பேருக்கு நடுவில் எப்படிக் காலை நீட்டிப் படுப்பது? நாற்காலியில் நேராக உட்கார்ந்தேன். ஜெபம், பாட்டு, பிறகு ஒவ்வொருவராக வந்து வயிற்றில் கை வைத்தார்கள். ரீ.அ. கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகவே சொன்னார்: "மாதாவே, இந்தப் புள்ளைக்கு கையிலயும் காலுலயும் ரத்தம் ஓடணும்மா. நீதான் தாயே பாத்துக்கணும்." நேற்று ப. மாடிப்படியில் சொன்னது இவ்வளவு தூரம் மனதில் தங்கியிருக்கிறது என்று தெரியாது.

எல்லோரும் ஆளுக்கொன்று கொண்டுவந்திருக்கிறார்கள். பேரீச்சம்பழம் நாலு பாக்கெட், பால்கொழுக்கட்டை, ஆட்டுக்கால் சூப், கடலை உருண்டை. சாப்பிடு சாப்பிடு சாப்பிடு. எட்டு மணிக்குப் படுத்தேன். முதுகு கழன்று போயிற்று. எண்ண ஆரம்பித்தது நினைவிருக்கிறது. இரண்டா, மூன்றா? தூங்கிவிட்டேன் போல. இப்போது எழுந்து இதை எழுதிவிட்டு மறுபடி தூங்கப் போகிறேன்.

தாளில் மதியம், மாலை காலி. காலையில் பார்த்துக்கொள்ளலாம்.


அக்டோபர் 13, திங்கள். மாலை

இதை எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

காலையில் ஆஸ்பத்திரி. கிளம்புகிற அவசரத்தில் காலை எண்ணிக்கையும் சரியாக இல்லை. ஆட்டோவில் தாளை எடுத்தேன். மூன்று கட்டம் காலி. போன வாரம் முழுக்க வந்ததுதானே, நேற்று மட்டும் வராமலா இருந்திருக்கும் என்று நினைத்தேன். 10, 11, 10 என்று எழுதினேன். மூன்றும் ஒன்றாக இருந்தால் சந்தேகம் வரும், தெரியுமே எனக்கு. பிடிக்கிறவளாயிற்றே. ஒன்றுக்கு ப. சட்டைப் பையிலிருந்து வேறு பேனா வாங்கி எழுதினேன். அந்தப் பேனாவை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு யோசித்தார். முன்னைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது என்றார், அதாவது ரத்தம் போகிற வழியில் தடை. இன்றே அட்மிஷன் போட்டுவிடலாமா என்று தனக்குத்தானே கேட்பதுபோலச் சொன்னார். தாளை எடுத்துப் பார்த்தார்.

"ஆனா அசைவு நல்லா இருக்கு. நேத்தும் பத்துக்குக் குறையல. சரி, வியாழக்கிழமை வரைக்கும் உள்ளயே இருக்கட்டும். மூணு நாள் லாபம்."

நான் வாயைத் திறக்கவில்லை.

ப. சொன்னார்: "மேடம், இவங்க கம்பெனில இன்ஸ்பெக்டரு. எழுதுனா எழுதுனதுதான். தப்பே வராது."

வீடு. மதியச் சாப்பாடு. படுத்தேன், கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டு. ஒழுங்காக எண்ணினேன்.

இரண்டு மணி நேரம். 5.

ஆட்டோ குலுக்கலில் களைத்திருக்கும். தூங்குகிறதாக இருக்கும். கடலை உருண்டை இரண்டு சாப்பிட்டேன். இனிப்பு உள்ளே போனால் துள்ளும் என்பார்கள். மறுபடி எண்ணினேன். இரண்டு மணி நேரம். 3. மூன்றாவதும் அசைவா, என் குடல் சத்தமா என்று தெரியவில்லை.

போன் பக்கத்திலேயே இருக்கிறது. நம்பர் தாளின் மேலேயே பெரிதாக எழுதியிருக்கிறது. போட்டால் நேற்று எப்படி இருந்தது என்று கேட்பார்கள். நேற்று எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும். வெட்கம். வேறு ஒன்றும் இல்லை, வெறும் வெட்கம்.

ப. வந்து, "இன்னா ஸ்கோரு?" என்றார்.

"பரவாயில்ல" என்றேன்.

காலையில் சரியாகிவிடும்.


அக்டோபர் 14, செவ்வாய். காலை 5.40

மழை கொட்டுகிறது. நாலு மணியிலிருந்து எண்ணுகிறேன். இரண்டு.

ப.வை எழுப்பினேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணவில்லை, ஆட்டோவில் பொய்யாக எழுதினேன், உங்கள் பேனாவில் எழுதினேன், நேற்று ஐந்தும் மூன்றும்தான், உங்களிடமும் பொய் சொன்னேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போன் நான் போடட்டா, நீ போடறியா?"

நான்தான் போட்டேன். டியூட்டி டாக்டரிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சாப்பிடாமல், தண்ணீரும் குடிக்காமல் உடனே வரச் சொன்னார்.

ப. சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருக்கிறார். சொல்லவில்லை. ரீ.அ. குடையோடு வாசலில். ஆட்டோ வந்துவி


அக்டோபர் 16, வியாழன். ஆஸ்பத்திரி

இனி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் படுக்கலாம். தையல் எந்தப் பக்கமும் விடுவதாக இல்லை.

வரிசையாக எழுதிவிடுகிறேன், மறந்துபோகும்.

போனதும் டாக்டரிடமே சொன்னேன். தாளை நீட்டி, இந்த மூன்றும் நான் எண்ணாமல் எழுதியது என்றேன். அவர் தாளை வாங்கவில்லை. "சரி. பெல்ட் கட்டுங்க" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

வயிற்றில் பெல்ட். பெட்டியிலிருந்து நாடாபோலத் தாள் வந்துகொண்டே இருந்தது, குழந்தையின் இதயம் கோடாக. முதலில் சீராக. பிறகு ஒரு பள்ளம். இன்னொரு பள்ளம். அளவு தப்பினால் எப்படி இருக்கும் என்று ஏழு வருடம் பார்த்த கண்ணுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ப.விடம் கையெழுத்து. அவர் பேனாவைத் தேடியது. கதவு. முதுகில் ஊசி. பச்சைத் துணி. யாரோ வெளியே தீபாவளிச் சேலை கலரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

காலை 7.52. பெண். ஒரு கிலோ நானூற்று முப்பது கிராம்.

அழுகைச் சத்தம் பூனைக்குட்டி அளவுதான். எனக்குப் போதும். ஒரு நொடி காட்டினார்கள். தலை மட்டும் பெரிதாக, மற்றதெல்லாம் குச்சி குச்சியாக. தனக்கு வந்ததை எங்கே கொடுத்திருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்தது. உடனே எடுத்துப் போய்விட்டார்கள்.

நேற்று ரவுண்ட்ஸில் டாக்டரைக் கேட்டேன். திங்கட்கிழமை நான் உண்மையை எழுதியிருந்தால்?

அவர் சுற்றி வளைக்கவில்லை. "திங்கட்கிழமையே எடுத்திருப்பேன். ஒரு நாள் தள்ளிப்போச்சு. அந்த ஒரு நாளையும் அவ தாங்கிட்டா. இன்னும் ஒரு நாள் தாங்கியிருப்பாளான்னு எனக்குத் தெரியாது. நீங்க வந்துட்டீங்க. இதுக்கு மேல இதப் பத்திப் பேச வேண்டாம்."

கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் போர்வைக்குள் முகத்தை வைத்து அழுதேன். அழுதால் தையல் இழுக்கிறது. இருமினால் அதைவிட.

அலைபேசியில் கம்பெனி ஆட்களின் வாழ்த்து பதினாலு. ஞானவேலுடையதும் உண்டு: 'மேடம் உடம்ப பாத்துக்கங்க. பாப்பா நல்லா வரும்.' அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. போனில் இல்லை, நேரில்.


அக்டோபர் 18, சனி

வெளியே வெயிலா மழையா தெரியாது. பிரசவ வார்டிலிருந்து குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை நூற்றுப் பத்து அடி. நான் வைத்தால் இருநூறு.

மூச்சு தானாகவே விடுகிறாள். ஊசிகளுக்கு நன்றி. மூக்கில் சின்னக் குழாய் மட்டும்.

பால் இரண்டு மணிக்கு ஒரு முறை, ஒரு மில்லி. என்னிடமிருந்து சிரிஞ்சில் எடுத்து, குழாய் வழியாக. இவ்வளவுதானா என்றேன். அங்கே இருக்கிற நர்ஸ் நாகர்கோவில் பக்கம், பெரிய குரல், சின்னக் கை. "மக்ளே, இத்தன நாளும் கொடலுக்கு ரத்தம் சரியாப் போவல்ல. அதுக்கு இன்னும் வேல செஞ்சு பழக்கம் இல்ல. ஒரேயடியா ஊத்துனா தாங்காது. மெல்ல மெல்லத்தான் கேட்டா" என்றார். இன்று மாலை இரண்டு மில்லி. ப. கேள்விப்பட்டதும், "டபுள் ஆயிடுச்சி" என்று கீழே போய் எல்லோருக்கும் சொன்னார்.

அவளை வைத்திருக்கிற கண்ணாடிச் சூட்டுப் பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டுத் தொடலாம். தலை சூடு. வயிறு சூடு. பாதம் சில்லென்று, ஊதா கலரில்.

பயந்துவிட்டேன். நர்ஸ் தொட்டுப் பார்த்துவிட்டு, பெட்டிச் சூட்டை ஏற்றினார். "வயிறு சூடா இருந்து காலு ஐஸா இருந்தா, உள்ள இருக்கிற சூட்டக் காப்பாத்த ரத்தத்த உள்ளயே புடிச்சு வச்சிருக்கான்னு அர்த்தம். குடிக்கிற பாலு எல்லாம் சூடு உண்டாக்கவே செலவாயிரும். பொறவு எங்க எடை கூட? காலும் சூடாவணும். அப்பதான் வளருவா."

இன்று எடை ஒரு கிலோ முந்நூற்று எழுபது. முதலில் கொஞ்சம் குறையும், சகஜம் என்கிறார்கள். ஒன்று நானூறுக்குக் கீழே என்று எழுதவே கை வரவில்லை.

என் விரல் இரண்டு சேர்ந்தால் அவள் பாதம் முழுக்க மறைகிறது. நாற்பது நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தேன். கை மரத்துவிட்டது. எடுத்ததும் மறுபடி சில்லென்று.

ரீ.அ. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். "நல்லாத்தான் கீது. ஒல்லியா கீது, அவ்ளோதான்" என்றார். சேலைத் தலைப்பு வாயில்.


அக்டோபர் 19, ஞாயிறு

எடை அதே. பால் நாலு மில்லி. கால் சில்.

பூசைக்குப் போகவில்லை. ப. மட்டும் போய்விட்டு வந்தார். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்றேன். ஒன்றும் கேட்கவில்லை, சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன் என்றார்.


அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று தீபாவளி. ஜன்னலைச் சாத்தினாலும் புகை வாசனை. இன்று மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டது.

எடை ஒன்று முந்நூற்றுத் தொண்ணூறு. இருபது கிராம் கூட. பெட்டிக்கு வெளியே எடுத்து நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சட்டை இல்லாமல், குழந்தைக்குக் குல்லாவும் டயப்பரும் மட்டும், மேலே துணி கட்டி. பெட்டியைவிட மனிதச் சூடு நல்லது என்கிறார்கள்.

காலையில் நான். ஒரு மணி நேரம். எழுதத் தெரியவில்லை. என் கழுத்துக்குக் கீழே அவள் மூச்சு. அவ்வளவு சின்ன ஆள் அவ்வளவு கனமாக இருப்பாள் என்று நினைக்கவில்லை. தையல் வலி தாங்காமல் நிறுத்த வேண்டியதாயிற்று. கால் கொஞ்சம் பரவாயில்லை, இன்னும் குளிர்ச்சிதான்.

நர்ஸ், "அப்பா எங்க? அவரு நெஞ்சும் நெஞ்சுதான" என்றார்.

ப. இரண்டு முறை குளித்துவிட்டு வந்தார். மதியம் இரண்டு மணிக்கு நாற்காலியில் உட்கார வைத்து, சட்டையைத் திறந்து, பாப்பாவை வைத்துத் துணியைக் கட்டினார்கள். மூச்சு விட்டால் விழுந்துவிடுவாள் என்பதுபோல உட்கார்ந்திருந்தார். நர்ஸ்தான், "மூச்சு விடும் ஓய், அவளுக்கு அதுதான் தாலாட்டு" என்றார்.

மூன்று மணி. அசையவில்லை. நாலு. டீ வேண்டுமா என்று கேட்டேன். கண்ணாலேயே வேண்டாம் என்றார். நெற்றியில் வியர்வை. நாலரைக்கு முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பயந்து பக்கத்தில் போனேன்.

"என்ன பண்ணுது?"

"ஒன்னும் இல்ல. எனக்கு ரெண்டு காலும் செத்துப் போச்சி. அரை மணியா உணர்ச்சியே இல்ல."

நர்ஸைக் கூப்பிடட்டுமா, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"கம்முனு இரு ஜெனி. துணிக்குள்ள கைய உட்டு இவ கால தொட்டுப் பாரு."

தொட்டேன். சுட்டது.